பாதி முகமும் பதினாறு பகுதிகளும்

என் மகள் சிரிக்கும்போது அவளுடைய இடது கண் ஏன் சுருங்குகிறது? அவளுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. சிரித்தால் வலது கண் நன்றாகத் திறந்திருக்க, இடது கண் மட்டும் யாரோ ஊதிவிட்டதுபோல் பாதி மூடிக்கொள்கிறது. குழந்தைகள் மருத்துவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்படியானால் அது என்னிடமிருந்து போனதா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் ஒரு நாள் காலையில் கண்ணாடியில் வேறொரு முகத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பி.காம். படித்துவிட்டு, செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். கீழே கடை, மேலே வீடு. எனக்கு விவரமாகத் தெரிந்த ஒரே விஷயம் கொரியத் தொடர்கள்.

கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். அந்தந்த வாரம் வெளியான பகுதிகளைப் பற்றி நான் திங்கட்கிழமைதோறும் அதில் எழுதுவேன். முடிந்துபோன தொடர்களை நான் பார்ப்பதில்லை. பார்த்தால் முதல் பகுதியிலேயே முடிவைத் தேடிப் படித்துவிடுவேன். எதிலும் அப்படித்தான், பிரசவத்துக்கு முன்பு நான் தேடிப் படிக்காத ஆபத்து கிடையாது. இன்னும் வெளிவராத பகுதியின் முடிவை மட்டும் யாராலும் தேட முடியாது. எனக்கு அது ஒரு மருந்துபோல இருந்தது.

சென்ற ஆண்டு அப்படி ஒரு தொடர் தொடங்கியது. சனி, ஞாயிறு இரண்டு பகுதிகள். எட்டு வாரம், மொத்தம் பதினாறு. கடலோர ஊரில் சலவைக்கடை நடத்தும் ஒரு பெண், இருபது வருடத்துக்கு முன் அவளை விட்டுப்போன அம்மா. குழுவில் நாங்கள் அதைச் சலவைக்கடை என்றே சொன்னோம். முதல் ஞாயிறு காலையில் நான்கு மாதக் குழந்தையோடு பனமலைக் கோயிலுக்குப் போய்வந்தோம். ஏரிக்கரையில் நல்ல காற்று. மாலையில் இடது காதுக்குப் பின்னால் லேசாக வலித்தது. இரண்டாம் பகுதி பார்த்துவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை காலை பல் துலக்கி வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக வழிந்து நைட்டியை நனைத்தது. முகத்தில் தண்ணீர் அடித்தபோது இடது கண்ணுக்குள் சோப்பு போனது. அந்தக் கண் மூடவில்லை.

விழுப்புரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். என் கணவர் செந்தில் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார்.

"நெத்திய சுருக்குங்க" என்றார் மருத்துவர். சுருக்கினேன். "இடது பக்கம் நெத்தி அசையவே இல்ல. நல்லது."

"அசையலன்னா நல்லதா டாக்டர்?" என்று கேட்டார் செந்தில்.

"மூளையில பிரச்சினைன்னா பெரும்பாலும் நெத்தி மட்டும் தப்பிச்சிக்கும். இங்க நெத்தியும் சேந்து விழுந்திருக்கு. அதனால இது பக்கவாதம் இல்ல, முக நரம்பு மட்டுந்தான்."

பெல்ஸ் பால்சி (முகத்தின் ஒரு பக்கத்து நரம்பு திடீரென்று செயலிழப்பது) என்று எழுதினார். ஸ்டீராய்டு (நரம்பின் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) பத்து நாளைக்கு. கண் காய்ந்துபோகாமல் சொட்டு மருந்து. தூங்கும்போது இமையை மூடிப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பொறுமையாகக் கொடுக்கலாம் என்றார். பனமலைக் காற்றுதான் காரணமா என்றும் கேட்டேன். இல்லை என்றார். ஆனால் வீட்டுக்கு வந்து பார்க்காதவர்களும் போனில் காற்று என்றுதான் சொன்னார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவள் நான்தானே என்று எத்தனையோ நாள் நினைத்தேன்.

மருத்துவர் ஒன்றை முன்கூட்டியே சொல்லவில்லை. மூன்றாம் நாள் அது வந்தது: ஹைப்பரக்யூசிஸ் (சாதாரண ஓசையும் காதுக்குள் பெரிதாகக் கேட்பது). பாத்திரக் கடைக்கு மேலே குடியிருப்பவளுக்கு இதைவிடப் பொருத்தமான நோய் கிடையாது. கீழே ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்தால் என் மண்டைக்குள் விழுந்தது. செந்தில் கடையில் துணி விரித்து அதன்மேல் பாத்திரம் அடுக்கினார். என் மாமியார், அவரை நான் அத்தை என்பேன், சமையலறையில் கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார்.

ஆகவே சலவைக்கடையின் மூன்றாம் பகுதியிலிருந்து சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு, திரையின் கீழே ஓடும் வசன எழுத்தை மட்டும் படித்துப் பார்த்தேன். இசை இல்லை, குரல் இல்லை. முகங்கள் மட்டும்.

மூன்றாம் வாரம் நான் குழுவில் எழுதியது இது: "அம்மா கடை வாசலில் வந்து நிற்கிறாள். இருபது வருடம் கழித்து. மகள் கேட்பது, துணி என்றைக்கு வேண்டும் என்பது மட்டும். அப்போது அவளுடைய கீழிமை ஒரே ஒரு முறை துடிக்கிறது. பின்னால் தள்ளி நான்கு முறை பார்த்தேன். ஒரு இமைக்குள் இவ்வளவு இடம் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது."

தோழி நசீமா உடனே பதில் போட்டாள்: "ரெண்டு எபிசோடா ஒண்ணுமே நடக்கல. நீ இமைய பத்தி பாராகிராப் எழுதுறியாடி."

என் முகத்தைப் பற்றி அவர்களிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சமயம் இன்னொரு தொடரும் புதன், வியாழனில் வந்துகொண்டிருந்தது. வரி அலுவலகத்தில் நடக்கும் நகைச்சுவை. அதில் ஒரு மேலாளர். புருவம் நெற்றியின் உச்சிக்குப் போகும், வாய் காதுவரை விரியும். பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொன்னது, கண்ணாடி முன் புருவத்தைத் தூக்கு, மூக்கைச் சுருக்கு, சிரி. ஒவ்வொன்றும் பத்து முறை, மெதுவாக. பத்து போதுமா என்று எனக்குச் சந்தேகம். பள்ளியில் ஒரு முறை எழுதச் சொன்னால் மூன்று முறை எழுதியவள் நான். கண்ணாடிக்குப் பக்கத்தில் போனை வைத்து, அந்த மேலாளரின் முகத்தை நிறுத்தி, அதைப் பார்த்து நூறு முறை செய்தேன். அசையாத கன்னத்தை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு செய்தேன். என் மடியில் மகள் யாழினி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளைப் பற்றித்தான் என் பயமெல்லாம். நான்கு மாதக் குழந்தை அம்மாவின் முகத்தைத்தான் படிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். நான் சிரித்தால் முகம் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு கோபப்படுவதுபோல் இருக்கும். ஒரு நாள் அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். பசியாக இருக்கலாம், தூக்கமாக இருக்கலாம். அதன்பிறகு பால் கொடுக்கும்போது முந்தானையால் முகத்தின் இடது பக்கத்தை மறைத்துக்கொண்டேன். செய்தது சரியா என்று இப்போதும் தெரியாது.

ஐந்தாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் கேட்டார், "எத்தன தடவ பண்றீங்க?"

"நீங்க பத்து சொன்னீங்க. நான் நூறு பண்றேன், மேடம்."

"யாரு சொன்னா?"

போனை எடுத்து மேலாளரைக் காட்டினேன். பிசியோதெரபிஸ்ட் முதலில் சிரித்தார். பிறகு என் கன்னத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இது முகம்மா. அண்டா இல்ல, போட்டுத் தேய்க்கிறதுக்கு."

"பாத்திரக் கட தான் மேடம் எங்களுது."

"தெரியுது. இனிமே சின்னதா பண்ணணும். பாக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது, உங்களுக்குத்தான் தெரியணும். நரம்பு ஒரு நாளைக்குக் கடுகளவுகூட வளராது. அதப் போய் அவசரப்படுத்துறீங்களே."

திரும்பும் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். செஞ்சிக்குள் நுழையும்போது எல்லா நாளும் தெரிகிற மலைதான் தெரிந்தது. என் காதுக்குப் பின்னால், இருட்டில், கண்ணுக்குத் தெரியாத ஒன்று கடுகைவிடச் சிறிய அளவில் வழி தேடி நகர்ந்துகொண்டிருக்கிறது. நான் ஏவவில்லை. நான் தூங்கும்போதும் அது நிற்பதில்லை. ஏழு மாதத்துக்கு முன் என் வயிற்றுக்குள் குழந்தை அசைந்தபோது வந்த அதே பிரமிப்பு வந்தது.

அன்றே சலவைக்கடைப் பெண்ணுக்கு மாறினேன். அவள் எதையும் பெரிதாகச் செய்வதில்லை. உதட்டை மூடியபடி ஒரு ஓரத்தை மட்டும் உள்ளே இழுப்பாள். நானும் அதையே பத்து முறை, வெளியே ஒன்றும் தெரியாமல் செய்தேன். சரியான பாடம் முதல் வாரத்திலிருந்தே என் எதிரில் ஓடிக்கொண்டிருந்தது. நான் தவறான தொடரைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறேன்.

ஏழாம் வாரம், ஞாயிறு மாலை, பதினான்காம் பகுதி. அத்தை பட்டாணி உரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு எழுத்து வேகமாக ஓடும், படிக்க முடியாது. கதையை என்னிடம் கேட்டுக்கொள்வார்.

"இன்னா, அந்தப் பொண்ணு அவங்க அம்மாகிட்ட பேசிடுச்சா?"

"இன்னும் இல்ல அத்தை."

"ஏழு வாரமா துணிதான் மடிக்குது. நம்ம கடைக்கி வேலைக்கு வந்திருந்தா இந்நேரம் குடோனையே அடுக்கி முடிச்சிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையின் கை பட்டாணியோடு அப்படியே நின்றது.

"கௌசி, இன்னொரு வாட்டி சிரி."

"ஏன் அத்தை?"

"அசஞ்சுது. இந்தப் பக்கம். நான் பாத்தேன்."

வேண்டுமென்றே சிரித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியைத் தேடி எழுந்தவளை அத்தை கையைப் பிடித்து உட்கார வைத்தார். "கண்ணாடிய வுடு. படத்த பாரு. அது தானா வரும்."

வந்தது. மீன் சதையில் கடைசித் துடிப்புப் போல, கன்னத்தின் நடுவில் ஒரு சிறு அசைவு. யாழினி தன் ஈர விரல்களை அந்த இடத்திலேயே வைத்தாள். தற்செயலாக இருக்கலாம். எனக்கு அழுகை வந்தது. இடது கண்ணிலும் வந்தது, அதுவும் புதிது.

பதினாறாம் பகுதியில் மகளும் அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. மகள் அம்மாவின் மேல்சட்டைக்கு இஸ்திரி போட்டு, மடித்து, கையில் கொடுக்கிறாள். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் ஏறுகிறது. தொடர் முடிகிறது. குழுவில் எல்லோருக்கும் கோபம். இதுக்கா எட்டு வாரம் என்றாள் நசீமா. நான் எழுதினேன்: "பாதி உதட்டில் ஏறிய சிரிப்பு போதாது என்று எனக்குத் தோன்றவில்லை. எட்டு வாரமாக எனக்கும் பாதி முகம்தான் இருந்தது." அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன். பிறகு நசீமா வாய்ஸ் அனுப்பினாள். "லூசு, இத மொத வாரமே சொல்லியிருந்தா நான் அந்த இமைய ஒழுங்கா பாத்திருப்பேனே."

நான்காவது மாதத்தில் முகம் ஏறக்குறைய நேராகிவிட்டது. காதும் சரியானது. கடையில் துணி விரிப்பதை நிறுத்தினார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆறாவது மாதம், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் செந்தில் எங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்தார். அதில் நான் சிரிக்கிறேன். என் இடது கண் பாதி மூடியிருக்கிறது. வெயிலாக இருக்கும் என்றார். வீட்டுக்குள் நிழலில் எடுத்த படத்திலும் அப்படியே இருந்தது. மருத்துவர் இதற்கு சின்கைனீசிஸ் (ஒரு தசையை அசைத்தால் இன்னொரு தசையும் சேர்ந்து அசைவது) என்று பெயர் சொன்னார்.

"நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிடும்மா. லைன்மேன் ஒயர மாத்திக் குடுத்த மாதிரி. நீங்க சிரிக்க சுவிட்ச் போடுறீங்க, கரண்ட் கண்ணுக்கும் போவுது."

"நான் நூறு தடவ பண்ணேனே, அதனாலயா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது. ஒண்ணுமே பண்ணாதவங்களுக்கும் வருது."

அதனால் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் என்னைப்போல என்றால் இந்த இடைவெளியில் எத்தனை நாள் குடியிருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வேண்டுகோள் மட்டும்: பத்து என்றால் பத்தோடு நிறுத்துங்கள்.

யாழினி அப்படிச் சிரிக்கிறாள் என்பதை முதலில் பார்த்தது செந்தில்தான். "உன்ன மாதிரியே பண்றா பாரு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் மருத்துவரிடம் ஓடினேன். ஆனால் அவளை உற்றுப் பார்க்கப் பார்க்க வேறொன்று புரிந்தது. அவள் என் முகத்திலிருந்து திரும்பிக்கொள்ளவில்லை. முந்தானைக்கு வெளியே தெரிந்த பாதியையும், மறைத்த பாதியையும், நான் நான்கு முறை பின்னால் தள்ளிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாள். நான் குறை என்று நினைத்ததை அவள் சிரிப்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது எனக்கு வாரங்கள் கடந்துபோவதாகத் தோன்றுவதில்லை, வளர்வதாகத் தோன்றுகிறது. புதிதாக ஒரு தொடர் வந்துகொண்டிருக்கிறது, ஆறு பகுதிகள் முடிந்துவிட்டன. யாருடைய முகத்தைப் பார்த்தாலும், பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரின் கன்னத்தைத்தான் பார்க்கிறேன். அங்கே எத்தனை நரம்புகள் தம் வழி தவறாமல் போய்க்கொண்டிருக்கின்றன என்பதே பெரிய அதிசயமாக இருக்கிறது.

மருத்துவர் இப்போது ஒரு ஊசி சொல்கிறார். போட்டாக்ஸ் (தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தி வைக்கும் மருந்து). பால் கொடுப்பதை நிறுத்திய பிறகு, கண்ணோரத்தில் மிகச் சிறிய அளவில் போட்டால் சிரிக்கும்போது கண் மூடாதாம். முகம் பழையபடி இருக்குமாம். அடுத்த முறை போகும்போது முடிவைச் சொல்ல வேண்டும். செந்தில் உன் இஷ்டம் என்கிறார். அத்தை, "நல்லாத்தான கீற, எதுக்கு ஊசி" என்கிறார். எனக்கு ஒரு நாள் வேண்டும் என்றிருக்கிறது, மறுநாள் வேண்டாம் என்றிருக்கிறது. யாழினிக்கு என் பழைய முகம் தெரியாது. அவள் அறிந்த அம்மா சிரித்தால் ஒரு கண்ணை மூடுகிறவள்தான்.

இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். வலித்ததா என்று நான் கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து நீங்கள் சிரித்தபோது, உங்கள் குழந்தை உடனே திரும்பிச் சிரித்ததா? அல்லது கொஞ்ச நேரம் உங்கள் முகத்தில் எதையாவது தேடியதா?