இரண்டு இடத்தில் அடிக்கும் மணி

ஏணியில் நின்று மிளகு பறிக்கும்போது சின்னையனின் இடது கை மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கும். வலது கை கொடியில் மிளகுச் சரத்தைக் கிள்ளிக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் கடிகாரம் அடித்தால் தொடுவதற்கு மூன்றாவது கை கிடையாது. அதனால் முகத்தைச் சாய்த்து மோவாயால் அழுத்துவார்.

"ஏனுங்க மாமா, கடியாரத்துக்கு முத்தம் குடுத்து முடிச்சாச்சா? எங்கக்கா கேட்டா என்னாவறது?" என்று கீழே சரம் பொறுக்குகிற புஷ்பலதா கத்துவாள்.

"உங்கக்காளுக்கும் அங்க மணி அடிக்கும் கண்ணு, அவளுக்குத் தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது."

அது உண்மைதான். மலைமேல் செம்மநத்தம் கிராமத்தில் அவர் வீட்டில் இருந்தது ஒரே போன். அது மனைவி காளியாயியிடம் இருக்கும். ஓசூரில் வேலைபார்க்கும் மகள் சிவசக்தி வாங்கிக்கொடுத்த ஸ்மார்ட் கடிகாரம், போன் பக்கத்தில் இல்லாமலே தனியாகப் பேசும். ஆனால் இரண்டுக்கும் ஒரே நம்பர். யார் கூப்பிட்டாலும் இரண்டும் சேர்ந்து அடிக்கும். முந்தி எடுப்பவருக்குத்தான் பேச்சு.

"ஊரு ஒலகத்தையே கூப்பிடலாமுங்க சாமி. எம் பொண்டாட்டிய மட்டும் கூப்பிட முடியாது" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நான் அந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மரத்தடியில் நோட்டோடு நிற்பது என் வேலை. கடிகாரத்தில் பேசினால் கீழே நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்.

போன தை மாதம் காளியாயியின் கழுத்தில் இருந்த கட்டியைச் சோதிக்கச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சதை எடுத்தார்கள். முடிவைப் போனில் சொல்வதாகச் சொன்னார்கள். "எதுவா இருந்தாலும் எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, அவ தாங்கமாட்டா" என்று கேட்டுக்கொண்டு, சின்னையன் தனக்குத் தெரிந்த ஒரே நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார். மகளுக்கு ஏழாம் மாதம், அவளிடமும் சொல்லவில்லை.

மலையேறி வந்த பிறகுதான் செய்த தப்பு உறைத்தது. மறுநாள் போனையும் எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். "எனக்கு வார சேதிய நான் கேக்கக் கூடாதுங்களா?" என்று காளியாயி கேட்டதும் திரும்ப வைத்துவிட்டார்.

எங்கள் சரிவில் கீழே சிக்னல் இல்லை. ஏணியில் பத்துப் படி ஏறினால்தான் வரும். அந்த வாரம் முழுக்க அவர் கஞ்சி குடிக்கக்கூட இறங்கவில்லை. தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டார்.

"மரத்துலயே ஊடு கட்டிக்குங்க மாமா" என்றாள் புஷ்பலதா.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு அது அடித்தது. அப்போது அவர் ஒரு மரம் முடித்து, அடுத்த மரத்துக்கு ஏணியை மாற்றி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் ஏணியில். கையை முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

அங்கே யாரோ எடுத்துவிட்டார்கள். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, இப்ப ஊட்டுக்குக் கூப்பிட்டயா?"

"இல்லீங்கப்பா. ஏனுங்?"

"சும்மாதான் கண்ணு. சாப்பிட்டயா?"

அடுத்து ஆஸ்பத்திரி. ஒரு பெண் குரல் கடிகாரத்திலிருந்து தெளிவாக வந்தது. "இப்பத்தானே சொன்னோம்? போன எடுத்தவங்க, நான் அவங்க மகதான் பேசறேன், எதுன்னாலும் சொல்லுங்கன்னாங்க. புத்துநோய்தான், சீக்கிரம் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டோமே."

புஷ்பலதா பொறுக்குவதை நிறுத்திவிட்டாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவரே சொன்னார். "சாயந்தரம் போயி, யாராச்சும் கூப்பிட்டாங்களான்னு கேட்டனுங்க சாமி. மகதானுங்க, நொம்ப நேரம் பேசுனான்னு சொல்லிட்டு, எனக்குச் சோறு போட்டா. கொழம்புல உப்பே இல்ல. நானும் தின்னுட்டேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரியில பேசிட்டேன், சாதாரணக் கட்டிதானாமா, ஊசி போட்டாக் கரைஞ்சிருமாமான்னேன். அப்படீங்களா, நல்லதாப் போச்சுங்கன்னா." ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார். "எங்கிட்ட அழுதிருக்கலாமுங்க அவ."

அந்தப் பொய்யோடுதான் இருவரும் வைத்தியத்துக்காகப் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஜீப்பில் கூட்டிப்போனார். அவளால் இறங்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். ஆடியில் இறந்துபோனாள். ஊசி போட்டால் கரைந்துவிடும் என்ற பேச்சைக் கடைசிவரை இருவருமே விடவில்லை.

மறுபடி தை வந்துவிட்டது. வீட்டில் அந்தப் போன் சார்ஜிலேயே கிடக்கிறது. காலையில் பார்த்து மாட்டிவிட்டுத்தான் வருகிறார். மதியம் பேத்தியின் சத்தத்தைக் கேட்கவைக்கச் சிவசக்தி கூப்பிடுகிறாள். மரத்தின் மேலே மணி அடிக்கிறது. மோவாய் கடிகாரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் உடனே அழுத்துவதில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை அடிக்க விடுகிறார். வீட்டில் யாரும் எடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எடுக்கிறார்.

"ஏனுங்கப்பா, இவ்வளவு நேரம்?" என்கிறாள் மகள்.

"கை வேலையா இருந்துச்சு கண்ணு" என்கிறார்.