அவர்களுக்குப் பரிசு, எனக்குக் கட்டு

நோயே இல்லாமல் நோயாளியாக இருப்பதும் ஓர் உத்தியோகமா என்று கேட்பவர்கள், ஒரே காலையில் ஆறு பெண்களிடம் வரிசையாக முகத்தைத் துடைக்கக் கொடுத்து, ஒரே கையில் ஆறு தடவை கட்டுப் போடக் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். தருமபுரிப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதை ஒட்டி நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அறுபத்தேழிலிருந்து ஆறேழு வருஷம் நான் அங்கே ஆயாவாக இருந்தேன். பரீட்சை வந்தால் மட்டும் நோயாளி.

அடுத்த வீட்டுப் பெண் முதல் பரிசு வாங்கினாள் என்று அவள் அம்மா லட்டு கொண்டுவந்து கொடுப்பாள். அதை வாயில் போட்டுக்கொண்டு "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லியிருக்கிறீர்களா? அந்த லட்டு தொண்டையில் எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்ற நல்லவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

என் நியமனம்

அத்தாவுக்குப் பாலக்கோட்டில் மெத்தை தைக்கிற வேலை. என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். எல்லாப் பாடத்திலும் தேறினேன், கணக்கில் மட்டும் போய்விட்டது. நர்ஸ் பள்ளியில் விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில், தேறாதவர்களுக்கு ஆயா வேலைதான் உண்டு என்றார்கள். சேர்ந்துவிட்டேன். எனக்கு இருபது வயது. படிக்க வந்த பெண்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவர்கள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் மொடமொடவென்று நடந்து வந்து என்னை "ஆயாம்மா" என்று கூப்பிடுவார்கள். முதல் வாரமே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

செய்முறைப் பரீட்சைக்கு நிஜ நோயாளிகள் ஒத்துக்கொள்வதில்லை. இண்டூரிலிருந்து கால் புண்ணுக்கு வந்திருந்த ஓர் அம்மாள், ஆறு பெண்கள் கட்டுத் துணியோடு வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் "ஒருத்தி வந்தா வைத்தியம், ஆறு பேரு வந்தா திருவிழாங்க, நான் வூட்டுக்குப் போறேன்" என்று எழுந்து நொண்டிக்கொண்டே போய்விட்டாள். பள்ளியை நடத்துகிற டியூட்டர் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜை துடைத்துக்கொண்டிருந்த நான் கண்ணில் பட்டேன். எனக்கு நர்ஸ் வேலை எதுவும் தெரியாதே என்று தயங்கினேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம் ரஹமத், சும்மா கெடந்தாப் போதும்."

இருமல்

சும்மா கிடந்ததில்தான் வினை. ஒரே பாடத்தை ஆறு பெண்களும் மாற்றி மாற்றி என் மேலேயே செய்தால், மூன்றாவது மாதம் அது எனக்கு மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்? தெர்மாமீட்டரை உதறிவிட்டுத்தான் நாக்கின் அடியில் வைக்க வேண்டும், நாடியை முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும், கட்டைக் கீழிருந்து மேலே சுற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும்.

வசந்தா என்று ஒரு பெண். பரீட்சை அன்று தெர்மாமீட்டரை உதறாமல் அப்படியே என் வாய்க்குக் கொண்டுவந்தாள். நான் இருமினேன். அவள் நின்றாள். மறுபடி இருமி, போர்வைக்கு வெளியே இருந்த கையை மெல்ல உதறிக் காட்டினேன். புரிந்துகொண்டு உதறினாள். கட்டுப் போடும்போது ஓர் இருமல், நாடி பார்க்கும்போது ஓர் இருமல். அந்த வருஷம் முதல் பரிசு அவளுக்குத்தான். எவர்சில்வர் கூஜா, பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். அதில் பாதிப் பெயராவது என்னுடையது என்று எனக்கு எண்ணம். அவள் கூஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நானும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆயாம்மா, அன்னைக்கு ரொம்ப இருமிக்கிட்டே இருந்தீங்களே, மருந்து கிருந்து சாப்புடுங்க."

பதில்

அடுத்த வருஷம் ஒரு நாள் டியூட்டர் அம்மா என் கட்டிலைச் சுற்றிப் பெண்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். படுக்கையிலேயே கிடக்கிற நோயாளிக்கு முதுகுப் புண் வராமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும்? ஒருத்தி மேலே பார்த்தாள், ஒருத்தி கீழே பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஈரம் கூடாது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டேன். டியூட்டர் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி, நமக்கும் ஒரு காலம் பிறந்தது என்று நினைத்தேன்.

"நோயாளி பேசக் கூடாது, ரஹமத்."

தட்டு

பரிசளிப்பு விழாவுக்குச் சாமியானா போடுவார்கள். வெளியூரிலிருந்து பெரிய மனிதர் யாராவது வருவார். பரிசுகளை அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்பது என் வேலை. கூஜா, டார்ச் லைட், பேனா எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ஒவ்வொன்றும் போகப் போகத் தட்டு லேசாகும், எனக்கு மட்டும் நெஞ்சு கனத்துக்கொண்டே வரும். கைதட்டவும் முடியாது, இரண்டு கையும் தட்டில் இருக்கிறதே. அந்த மட்டில் லாபம்.

ஒரு வருஷம் தருமபுரியிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்திருந்தார்கள். நான் அன்று புதுச் சேலை கட்டி, தலைக்கு முக்காட்டை ஒழுங்காக இழுத்துவிட்டிருந்தேன். அத்தாவிடம் காட்ட ஒரு போட்டோவாவது கிடைக்கும் என்று ஆசை. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், பார்த்தார், வெளியே எடுத்தார்.

"தட்டு புடிச்சிருக்கிற அம்மா கொஞ்சம் தள்ளிக்குங்க, படத்துல வுழறீங்க."

சித்தேரிக்காரி

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைப் பொறாமை. மொத்தப் பொறாமை ராமாயி வந்த பிறகுதான்.

ராமாயி சித்தேரி மலையிலிருந்து வந்தவள். ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள், கணக்கிலும்தான். ஒல்லியாக, அதிகம் பேசாதவளாக இருப்பாள். எல்லோரும் என்னை ஆயாம்மா என்றால் அவள் மட்டும் "அக்கா" என்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சல். அந்த வருஷம் ஊர்ப் பெரியவர் ஒருவர் புதிதாக ஓர் உபகாரச் சம்பளம் வைத்திருந்தார். முதலாவது வருகிற பெண்ணுக்கு நொடி முள் வைத்த கைக்கடிகாரம் பரிசு. அதோடு மெட்ராஸில் மூன்று வருஷப் பெரிய நர்ஸ் படிப்பு முழுவதும் அவர் செலவு. ராமாயிக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. அது கிடைத்தால் மெட்ராஸ், கிடைக்காவிட்டால் தை மாதம் தாய்மாமனோடு கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்குப் போட்டி என்று இருந்தவள் சரோஜா ஒருத்திதான், ஊரில் வசதியான வீட்டுப் பெண்.

சரோஜா என் ஜாடை எல்லாவற்றையும் கற்பூரமாகப் பிடித்துக்கொள்வாள். ராமாயி என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். கையையும் கட்டையும்தான் பார்ப்பாள். பார்க்க வேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கவில்லை, அதுதான் என்னை வாட்டியது. சரோஜா ஜெயித்தால் பாதி நான் ஜெயித்த மாதிரி. ராமாயி ஜெயித்தால் ராமாயி மட்டும்தான் ஜெயிப்பாள். ஒரு நாள் வேண்டுமென்றே கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் தப்பான ஜாடை ஒன்று காட்டிப் பார்த்தேன். அவள் கட்டை அப்படியே வைத்துவிட்டு என் முகத்தருகே குனிந்தாள்.

"கண்ணுல தூசி வுழுந்திருச்சுங்களா அக்கா? இருங்க, ஊதி வுடறேன்."

வெந்நீர்

கடைசிப் பரீட்சை. படுக்கையிலேயே நோயாளிக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். பார்க்க வெளியூரிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். கண்ணாடி போட்டவர், சிரிக்கத் தெரியாதவர். முடிந்ததும் நோயாளியையே பார்த்து "எப்படி இருந்தது?" என்று கேட்பது அவர் வழக்கமாம். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக நோயாளி பேசலாம்!

சரோஜா முதலில் செய்தாள். நன்றாகத்தான் செய்தாள். "ரொம்ப நல்லா இருந்துதுங்க" என்றேன். பிறகு ராமாயி. அவள் துணியைப் பிழிந்து என் கழுத்தில் வைத்தபோது, வெயிலில் நடந்து வந்து நிழலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு சொட்டு படுக்கையில் விழவில்லை. மெத்தை தைக்கிறவர் மகளாகப் பிறந்தும் ஒரு படுக்கையில் இவ்வளவு சுகமாக நான் கிடந்ததில்லை. இந்தக் கை மெட்ராஸ் போகும், என் கை தட்டைப் பிடிக்கும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அந்த அம்மாள் கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டது. "தண்ணி ரொம்பச் சூடுங்க. சுட்டுருச்சு."

தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ராமாயி நான் பொய் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டென்று என் கையைத் தூக்கிப் பார்த்தாள். சிவந்திருக்கிறதா என்று கழுத்தைப் பார்த்தாள். தண்ணீரை மாற்றிக் கொண்டுவந்து என் விரலையே முதலில் அதில் நனைத்துக் காட்டினாள். கண்ணாடி அம்மாள் நோட்டில் நிறைய எழுதினார். தை மாதக் கல்யாணம் கண் முன்னால் வந்துவிட்டது.

"இப்ப எதமா இருக்குதுங்களா அக்கா? மன்னிச்சுக்குங்க."

மார்க்கு

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, வேலை போனாலும் போகட்டும் என்று டியூட்டர் அம்மா அறைக்குப் போனேன். "அம்மா, அந்த வெந்நீர் விஷயம்…" என்று ஆரம்பித்தேன். என்னை முடிக்க விடாமல் அவர் நாற்காலியைக் காட்டினார். ஆயாவுக்கு நாற்காலி! அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. விஷயம் இதுதான். வேலை சுத்தத்தில் இரண்டு பெண்களும் ஒரே மார்க்கு. நோயாளி குறை சொன்னால் நர்ஸ் எப்படி நடந்துகொள்கிறாள் என்பதற்குத் தனி மார்க்கு உண்டாம். அதற்குத்தான் அந்த அம்மாள் கேள்வியே கேட்பாராம். சரோஜாவை நான் புகழ்ந்துவிட்டதால் அவளுக்கு அதைக் காட்ட வழியில்லாமல் போய்விட்டது. ராமாயிக்கு அதில் முழு மார்க்கு. ராமாயியின் தண்ணீர் சுடாது என்று அவருக்குத் தெரியும்; நானாகவே யோசித்து அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்ததாக டியூட்டர் அம்மா நம்பிவிட்டார். உண்மையைச் சொல்ல வந்த வாய் திறந்தபடியே நின்றது. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

"கெட்டிக்காரி ரஹமத் நீ, சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லி அந்தப் பொண்ணைக் கரையேத்திட்டே."

பஸ் ஸ்டாண்டு

விழா நடந்தது. மேடையில் ராமாயியின் கையில் கடிகாரத்தைக் கட்டினார்கள். சித்தேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த அவள் அப்பா பின் வரிசையில் உட்கார்ந்து, எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் எல்லாப் பெண்களுக்கும் தட்டினார். சரோஜாவுக்கும் பலமாகத் தட்டினார். எனக்குத்தான் தாங்கவில்லை. எனக்கு வர வேண்டியது என்று எதுவுமே அந்தத் தட்டில் இல்லை என்று தெரிந்தும் தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் மெட்ராஸ் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை துணைக்கு டியூட்டர் அம்மா என்னைத்தான் அனுப்பினார். டிரங்குப் பெட்டியை பஸ்மேல் ஏற்றியாகிவிட்டது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதப் போகிற நேரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ராமாயி, அன்னைக்குத் தண்ணி சுடலே. பொறாமையில சொன்னேன்" என்றேன். திட்டட்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், அப்புறமாவது நிம்மதியாக அவளை வெறுக்கலாம் என்றுதான் சொன்னேன். அவள் என் கைமேல் கையை வைத்தாள்.

"தெரியுங்க அக்கா, தொட்டுப் பாத்துட்டுத்தானே எடுத்தாந்தேன். படுத்திருக்கிறவங்க வலிக்குதுன்னா எங்கியோ வலிக்குதுன்னுதான் அர்த்தம்."

பொறாமைப்படுவதற்கென்று எனக்கு வாய்த்தவள் கொஞ்சம் கெட்டவளாகவாவது இருந்திருக்கலாம், அந்தக் கொடுப்பினைகூட எனக்கு இல்லை.