சாவியைக் காணோம் என்கிறது கார்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது என் கார்.

வாயால் சொல்லவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் குட்டித் திரையில் எழுதிக் காட்டியது - சாவியைக் காணோம் என்று. சாவி என் கையில் இருக்கிறது. கை காருக்குள் இருக்கிறது. ஆனாலும் காணோமாம்!

எனக்கு இது பழகிப்போன அவமானம்தான். ரேஷன் கடை மெஷினுக்கு என் கட்டைவிரலைப் பிடிக்காது. கண்ணாடியைக் கழற்றினால் என் போனே என்னை அந்நியனாகப் பார்க்கும். ஆனால், தினமும் குளிப்பாட்டித் துடைத்துவிடுகிறவனைத் தெரியாது என்று சொல்ல ஒரு காருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்?

அதுவும் அன்றைக்குப் பார்த்து.

பொம்மிடியில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கொண்டுவரும் பட்டுப்புடவையைக் கட்டி, அவன் போடும் மாலையோடுதான் பெண் சபைக்கு வர வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். கேட்டுக்குள் நிற்கும் காரை நான் பூட்டுவதில்லை; பட்டும் மாலையும் பின்சீட்டில் தயார். மாமன்தான் அதியமான்கோட்டையில் தன் வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ரோட்டுக்குப் போனா பஸ்ஸு கெடைக்குமுங்க. ஏறிப் போயிரலாம்" என்றாள் மனைவி.

போயிருக்கலாம்தான். ஆனால் கார் வாங்கிய நாளிலிருந்து தங்கை வீட்டுக்காரரிடம் போனில் அளந்துகொண்டிருந்தேனே... "சாவியப் போட்டுத் திருகறதெல்லாம் அந்தக் காலம் மச்சான். பாக்கெட்டுல இருந்தா போதும். பட்டனத் தொட்டா கெளம்பும்." இப்போது மாலையும் கையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினால் அவர் சும்மா விடுவாரா?

எதிர்வீட்டு நடேசன் வந்தார். பானட்டைத் திறக்கச் சொல்லி, வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தார். "எலி கடிச்சிருக்குமுங்க" என்றார். எலி இல்லை. "அப்பத் தள்ளிப் பாக்கலாமுங்களா?" இந்தக் கார் தள்ளினால் கிளம்புகிற ஜாதி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு ஆசையாகக் கேட்பவரிடம் எப்படி மறுப்பது? அவரும் அவர் கூப்பிட்ட இரண்டு பேரும் வாசலிலிருந்து கேட் வரை தள்ளினார்கள். கார் கிளம்பவில்லை. தெருவே கிளம்பி வந்துவிட்டது.

தருமபுரியிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் பெருமாளை வரவழைத்தேன். கிளம்புவதற்கு முன்பே போனில் ஒரு வைத்தியம் சொன்னார்: "சாவியப் பட்டன் மேல ஒட்ட வச்சு அமுக்குங்க சார். சாவிக்குள்ள பேட்டரி செத்திருந்தாலும் வண்டி எடுத்துக்கும்." ஒட்டினேன், அமுக்கினேன்... காணோம்.

நேரில் வந்தவர் ஸ்கேனரை மாட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "பழைய வண்டிக்கு என்ன வேணா பண்ணலாமுங்க. இது கம்ப்யூட்டரு. மூளை போயிருச்சு போல இருக்குதுங்க."

"யாருக்குங்க?" என்றாள் என் மனைவி.

அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து போன்.

"அண்ணா, எங்க வர்ற?"

"வந்துகிட்டே இருக்கேன் கண்ணு." பொய் இல்லை. கேட் வரை வந்திருந்தேன்.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க. புள்ள உள்ள காத்துக்கிட்டிருக்குது. நீ மட்டும் ராகு காலத்துல வந்து நில்லு... அப்புறம் அண்ணன்னு ஒருத்தன் எனக்கு இல்லைன்னு நெனைச்சுக்கறேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். மச்சானாவது, மானமாவது... பஸ்ஸுக்கே போய்விடலாம் என்று மாலையை எடுக்கப் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"ஒரு நிமிசம் சார். எதுக்கும் சாவிக்கு வேற பேட்டரி போட்டுப் பாத்திரலாமுங்க" என்று பெருமாள் சாவியின் தோல் உறையைப் பிரித்தார். பிரித்தவர், சட்டென்று காலிலிருந்த செருப்பை உதறினார்.

"என்ன சார் இது?"

செப்புத் தகடு. கோயிலில் பூஜை போட்டு முந்தின நாள் மாலை தங்கை கொடுத்தனுப்பியது. "புது வண்டிக்குக் கண்ணு படும்ண்ணா. இது சாவிய விட்டுப் பிரியக் கூடாது" என்று கட்டளை. மற்றவர்களாக இருந்தால் சாவிக்கொத்தில் கோத்து முடித்திருப்பார்கள். நான் எதையும் திருத்தமாகச் செய்கிறவன் இல்லையா? கொழுக்கட்டையை இலையில் மடிப்பதுபோல் சாவியைத் தகட்டுக்குள் வைத்து நாலு பக்கமும் மடித்து, மஞ்சள் நூலால் கட்டி, உறைக்குள் திணித்து வைத்திருந்தேன். கண் என்ன, காற்றுகூடப் பட முடியாது.

பெருமாள் தகட்டைப் பக்குவமாகப் பிரித்து பானட் மேல் வைத்தார். பேட்டரியை மாற்றினார். நான் பட்டனைத் தொட்டேன். கார் உறுமியது! தெருவே கைதட்டியது.

"பேட்டரிதானுங்க! நான் அப்பவே நெனச்சேன்" என்றார், சற்று முன் மூளைக்கு அஞ்சலி செலுத்தியவர்.

என்ஜினை நிறுத்தினேன். அவர் சாவியைப் பழையபடி தகட்டில் மடித்து, கண்ணில் ஒற்றி, உறைக்குள் போட்டுக் கொடுத்தார். பட்டனைத் தொட்டேன்.

சாவியைக் காணோம்.

பிரித்தார் - கிளம்பியது. மடித்தார் - காணோம்.

இப்போது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சாவி காற்றில் பேசுகிறது. கார் அதைக் கேட்க வேண்டும். நடுவில் செம்பால் வாயைப் பொத்தினால்? ஆனால் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! நடேசன் வானத்தைப் பார்த்தார். பெருமாள் ஸ்கேனரைச் சுருட்டினார்.

"தகட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலைங்க சார். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது."

கவனித்திருக்கிறீர்களா? நாம் பேட்டரியைச் சந்தேகப்படுவோம், எலியைச் சந்தேகப்படுவோம், மூளையையே சந்தேகப்படுவோம். நம்மைக் காப்பாற்றுவதற்கென்று வாங்கி வைத்ததை மட்டும் சந்தேகப்பட மாட்டோம். புது டிவியின் ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, எந்தப் பட்டனும் தெரியாமல் தடவுகிறவர்கள்தானே நாம்?

என் மனைவிதான் தகட்டை எடுத்து டேஷ்போர்டு பிள்ளையார் காலடியில் வைத்தாள். "அதுவும் வண்டியிலதான் இருக்குது, சாவியும் வண்டியிலதான் இருக்குது. பிரிஞ்சா போச்சு? எடுங்க வண்டிய!"

பொம்மிடி மண்டபத்தில் நான் போய் இறங்கியபோது தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்க பயமாக இருந்தது. பட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே ஓடினாள். பெண் கட்டிக்கொண்டு வந்தாள். மாலையைப் போட்டேன். ராகு காலம் எட்டிப் பார்ப்பதற்குள் தட்டு கை மாறியது.

சாப்பாட்டுப் பந்தியில்தான் விசாரணை.

"ஏண்ணா இவ்வளவு நேரம்?"

ரசத்தைப் பிசைந்தபடி மென்று விழுங்கி உண்மையைச் சொன்னேன். தகடு சுற்றியிருந்தவரைக்கும் வண்டி கிளம்பவே இல்லை என்று. இன்றோடு அண்ணன் தங்கை உறவு அறுந்தது என்றுதான் நினைத்தேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா! அந்த நேரத்துல நீ கெளம்பியிருந்தா ரோட்டுல என்ன நடந்திருக்குமோ... தகடுதான் உன்னைய நகர விடாம புடிச்சு வச்சிருக்குது!"

பக்கத்து இலைக்காரர் அது எந்தக் கோயில் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் மறுக்கவில்லை. யோசித்தால் அந்தத் தகட்டின் மகிமையும் உண்மைதான்... சொந்தக்காரனாலேயே கிளப்ப முடியாத வண்டியை எந்தத் திருடன் ஓட்டிக்கொண்டு போக முடியும்?