பச்சைப் பூவுக்கு நான் வைத்த சிவப்பு

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் படங்களுக்கு நிறம் திருத்துவது என் வேலை. வருஷப் பிறப்பன்று வீட்டில் மாட்டுகிற படத்தில் வாடின இலை ஆகாது, வெளிறின பூ ஆகாது. எங்கள் ஊரில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமி கன்னத்தையே சிவப்பாக்குகிற கைக்குப் பூ எம்மாத்திரம்!

போன சீசனில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய தாவரவியல் பூங்காவிலிருந்து, அங்கிருந்த செடி ஓவியங்களைக் காலண்டராக அடிக்க ஆர்டர் வந்தது. கப்பல் காலத்தில் தீவு தீவாகப் போய் மரப்பெட்டிகளில் செடி கொண்டுவந்து வளர்த்த தோட்டம் அது. ஒவ்வொரு செடியும் முதன்முதலாகப் பூத்தபோது ஓவியரை எதிரில் உட்காரவைத்து வரைந்திருக்கிறார்கள். காய்ந்த பூவில் நிறம் தங்காதாம். "நிறத்துக்கு இந்தப் படம்தான் சாட்சி, இருக்கிறபடியே அடிங்க" என்று அங்கிருந்த அதிகாரி போனில் சொன்னார். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் ஒரு கொடியின் பூ, பூவா பிஞ்சா என்றே தெரியாமல் இலையோடு இலையாகச் சோகை பிடித்துக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பூச்சி அரித்த இலையின் ஓட்டையை மறைத்தேன். பூவைக் குங்குமச் சிவப்பாக்கினேன். அதற்குள் அந்த அதிகாரி மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவர் புரூஃப் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றார்.

இந்த வருஷம் கணவரோடு அங்கே போனேன். அந்தக் கொடிக்குப் பக்கத்தில் என் சிவப்புப் பூவை ஆளுயரப் பலகையாக வைத்திருந்தார்கள். கொடியிலோ கொத்துக்கொத்தாகப் பச்சைப் பூ. என்றைக்கோ ஒருவர் கண்ணால் பார்த்து எழுதிவைத்த சாட்சியை, நன்றாக இருக்கட்டும் என்று நான் அழித்திருக்கிறேன்.

காரியாபட்டியிலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று பூக்களுக்கு அடியிலேயே நின்று சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தது. என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்தப் படத்துக்குக் கலர் போட்டதே எங்க வீட்டுக்காரிதாங்க" என்றார்.

அந்தக் குடும்பத்து அம்மா என் பக்கம் திரும்பினார். "அம்புட்டு அழகாப் போட்டிருக்கீக! இது எப்பத்தான் பூக்கும்? பிள்ளைக கேட்டுக்கிட்டே இருக்குதுக."

அவர் தலைமுடியில் ஒரு பச்சைப் பூ உதிர்ந்து ஒட்டியிருந்தது. அதைக் காட்டினாலே போதும். கணவர் சிரித்த முகத்தோடு பக்கத்தில் நின்றார்.

"மழைக்குப் பெறகு பூக்கும்க்கா."

"அப்படியா? இப்ப ஒரே குப்பையால்ல கொட்டுது" என்று தலையிலிருந்த பூவைத் தட்டிவிட்டு, அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்.