உறைந்த பேட்டரி

நாரின் என்ற மலை நகரத்துக் குளிரில் காரை வெளியே விடலாம், பேட்டரியை விடக் கூடாது. டாக்ஸி ஓட்டும் சல்கின் தினமும் சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி, சால்வையில் சுற்றி வீட்டுக்குள் தூக்கி வருவாள். அதைப் பார்த்தால் கொழுந்தன் எர்மேக்குக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன அண்ணி, பிள்ளை பால் குடிச்சிடுச்சா?"

"குடிச்சிடுச்சு. உன்னை மாதிரி இல்ல, நாளைக்கு வேலைக்குப் போகும்."

டாக்ஸிக்கு வருமுன் அவள் வேதியியல் டீச்சர். எர்மேக்கும் அவளிடம்தான் படித்தான். படித்தான் என்பது பெரிய வார்த்தை. பேட்டரிப் பாடத்தைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். மின்சாரம் தீரத் தீர, அமிலத்தில் உள்ள சல்பேட்டை ஈயத் தகடுகள் பிடித்து வைத்துக்கொள்ளும். மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், அது உறைந்துவிடும். சார்ஜ் ஏற்றினால் தகடு பிடியை விடும், அமிலம் திரும்பும். நிறைந்த பேட்டரி குளிரில் சோரும், உறையாது. பரீட்சையில் எர்மேக் வெள்ளைத் தாளைக் கொடுத்தான். ஐந்துக்கு இரண்டு போட்டாள், அதாவது ஃபெயில்.

மாஸ்கோவில் இருக்கும் அவள் புருஷன் கெனேஷ் இப்போது தம்பிக்கும் அங்கே வேலை பிடித்து டிக்கெட் அனுப்பிவிட்டான். அண்ணன் சொல்லை அந்த வீட்டில் யாரும் தட்டியதில்லை. கெனேஷும் இரண்டு வருஷம் என்று போனவன்தான், ஒன்பதாகிறது. எர்மேக்கின் பெண்டாட்டி மடியில் ஆறு மாதப் பிள்ளை. விடிந்ததும் மலைக் கணவாய் தாண்டி பிஷ்கெக் போய், அவனை மாஸ்கோ விமானத்தில் ஏற்றிவிடுவது சல்கினின் பொறுப்பு.

ஆடு அறுத்து வழியனுப்பு விருந்து நடந்தது. "நீங்க உட்காருங்க அண்ணி, இன்னிக்கு பேட்டரியை நான் கழட்டி வைக்கிறேன்" என்றான் எர்மேக்.

காலையில் பார்த்தால் பேட்டரி காரிலேயே இருந்தது. உப்பி, ஓரம் வெடித்து, உள்ளே பனிக்கட்டி. விளக்கு சுவிட்ச் போட்டபடி கிடந்தது. வேறு கார் வரவழைத்துக் கணவாயைத் தாண்டுவதற்குள் விமானம் போய்விடும்.

சல்கினுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "குடிச்சிட்டு விளக்கை அணைக்க மறந்துட்டியாடா?"

"நான் குடிக்கல அண்ணி." அவன் தலை நிமிரவில்லை. "சும்மா விட்டா உறையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. காலி பண்ணாத்தான் உறையும்னு."

ஒன்பது வருஷத்துக்கு முன் கெனேஷுக்கு இந்தப் புத்தி வரவில்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

போன் அடித்தது. கெனேஷ்தான். "கிளம்பியாச்சா?"

"இல்ல. குளிர்ல பேட்டரி செத்துப்போச்சு. யார் தப்பும் இல்ல."

போனை வைத்துவிட்டு எர்மேக்கைப் பார்த்தாள். "புது பேட்டரி நீதான் வாங்கித் தரணும்" என்றாள். பிறகு, "உனக்கு ரெண்டு மார்க் போட்டது என் தப்புடா."