விசில் மாட்டும் ஆணி

வீட்டுக் கூடத்தில் அம்மாவைப் பெட்டியில் கிடத்தியிருந்தோம். அவள் பயிற்சி கொடுத்த பெண்கள் லீவு போட்டு வந்திருந்தார்கள். பேஸ்கட்பால் ஆடியே ரயில்வேயிலும் போலீஸிலும் வேலை வாங்கியவர்கள். அவர்களில் ஒருத்தி, மாதனூர் ஜெயந்தி, அம்மாவின் விசிலை அவள் கழுத்தில் மாட்டினாள்.

"இது இல்லாம மிஸ் எங்கயும் போனதில்லக்கா" என்று அழுதாள்.

விசில் கயிற்றின் வியர்வை வாடை என்னை ஆம்பூர் மைதானத்துக்கே இழுத்துப்போனது. சாயங்காலக் காற்றில் தோல் தொழிற்சாலை நாற்றம் வரும். நானும் அம்மாவிடம்தான் ஆடக் கற்றேன்.

"விசில் கழுத்துல இருக்கிற வரைக்கும் நான் உனக்கு மிஸ்தான்டி. மத்த பொண்ணுங்களுக்கும் அம்மா வூட்லதான் இருக்காங்க" என்பாள்.

ஒருநாள் விழுந்து முட்டி பெயர்ந்து, "அம்மா" என்று கத்திவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் விசிலை மாட்டினாள். அதன் பிறகுதான் என் காலை மடியில் வைத்து ஊதினாள்.

"ரொம்ப வலிக்குதா கண்ணு?"

அவள் கண்கள் சிவந்திருந்தன. அதற்கப்புறம் தினமும், ஆணியில் விசில் இடிக்கும் அந்தச் சின்னச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன்.

பெட்டியை மூட வந்தார்கள். எல்லாரும் கதறினார்கள். எனக்கு மட்டும் "அம்மா" என்று வாய் வரவில்லை. குனிந்து விசிலைக் கழற்றினேன்.

"இன்னாக்கா பண்றீங்க?" என்றாள் ஜெயந்தி.

கதவுக்குப் பின்னால் போய் அந்த ஆணியில் மாட்டினேன். திரும்பி வந்த பிறகுதான் "அம்மா" என்று கூப்பிட முடிந்தது.