அரை மொட்டை

நான் செய்யும் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. நைனா மட்டும், "மொட்டத் தலைக்கும் மொழங்காலுக்கும் முடிச்சு போட்டுகினு இருக்கா, அதுக்கும் நாலு பேரு கைதட்றான்" என்று சிரிப்பார். பழைய கதவு, கிழிந்த கோணி, சைக்கிள் ட்யூப் என்று கிடைத்ததை எடுத்து, தைத்து, தொங்கவிட்டு, அதைக் கலை என்று சொல்லும் பிழைப்பு. சென்னையில் படித்தேன், அங்கேயே தங்கிவிட்டேன். அம்மாவும் நைனாவும் திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அந்த வருடம் சென்னையில் ஒரு கேலரியில் புதுசாக ஒன்று யோசித்தார்கள். ஓவியர்களைச் சென்னைக்கு வரவழைப்பதற்குப் பதிலாக, அவரவர் ஊரிலேயே கண்காட்சி வைப்பதாம். எனக்குத் திருத்தணி. வெள்ளிக்கிழமை மாலை திறப்பு, ஞாயிறு மாலை முடிவு. ஊரில் கேலரிக்கு எங்கே போவது? முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். மணமேடைக்கு வெள்ளைத் துணி சுற்றினோம். "வருக வருக" என்று வாசலில் நிரந்தரமாக ஒட்டியிருந்த எழுத்தை மட்டும் எடுக்க முடியவில்லை.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் அம்மா மொட்டை போட்டிருந்தாள். அக்காவுக்காக. அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருக்கிறது, அவள் புருஷன், எங்கள் பாவா, வீட்டோடு தறி வைத்திருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு முறை தங்கி இரண்டு முறையும் நான்காம் மாதத்தில் கலைந்துபோனது. மூன்றாவது முறை தங்கியதும் அம்மா திருத்தணி மலைக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டு, ஏழாம் மாதம் நல்லபடியாகத் தொடங்கினால் என் முடி உனக்கு என்று வேண்டிக்கொண்டாள். ஏழாம் மாதமும் தொடங்கியது. வளைகாப்பு முடித்து அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்த அதே வாரம் அம்மா மலைக்குக் கிளம்பினாள். துணைக்கு நான் போனேன்.

அம்மாவுக்கு இடுப்பு வரை முடி. மேலே வெள்ளை, நடுவில் சாம்பல், கீழே மருதாணி போட்ட காலத்துச் செம்பட்டை. மொட்டை போடுபவர் தண்ணீர் தெளித்து, முடியை இரண்டு பாகமாக வகிர்ந்து, ஒவ்வொன்றையும் இறுக்கி முடிச்சுப் போட்டார். சவரக் கத்தி ஓடியதும் முதல் முடிச்சு அப்படியே முழுசாக என் பக்கம் விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி என் கையில் இருந்தது. கண்ணாடியைப் பைக்குள் வைத்தேன். முடிச்சையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அம்மாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அது கீழே விழுந்த கணமே அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள், வெள்ளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான், எதைப் பார்த்தாலும் அதைச் சுவரில் மாட்டிப் பார்க்கும் புத்தி.

கண்காட்சியை அமைத்துக் கொடுத்த அம்மையார் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேச்சில் தேன் ஒழுகும். பெட்டியைப் பார்த்ததும், "இதுதான் மொத்த ஷோவுக்கும் உயிர்" என்றார். நடு மண்டபத்தில், கல்யாணத்தில் ஓமகுண்டம் வைக்கும் இடத்துக்கு நேர் எதிரே அதை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு சின்ன அட்டை: "கொடுத்தது. அம்மாவின் தலைமுடி, கண்ணாடி, தேக்கு மரம்."

அம்மாவிடம் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்டால், அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன் என்பதுதான் பதில். பார்த்ததும் பெருமைப்படுவாள் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி நினைத்தேனோ.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. சென்னையிலிருந்து கதர் ஜிப்பாக்களும் கைத்தறிப் புடவைகளுமாக ஒரு இருபது பேர். எங்கள் சனம் நூறு பேர் இருக்கும். எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். மண்டபம் என்றால் சாப்பாடு உண்டு என்பது எங்கள் பக்கத்து நியாயம். சமோசாவும் ரோஸ்மில்க்கும் மட்டும்தான் என்று தெரிந்ததும் என் பெரியம்மா, "இதுக்கா மத்தியானம் துன்னாம வந்தோம்?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். குத்துவிளக்கை அம்மாதான் ஏற்றினாள். மூன்று வார முடி முள்ளுமுள்ளாக நின்ற தலையோடு, பட்டுப்புடவையில், வெட்கப்பட்டுக்கொண்டு ஏற்றினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பத்து நிமிடம் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

பிறகு அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தாள். கண்ணாடிப் பெட்டி முன்னால் அம்மா நின்றாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அட்டையை விரலால் தொட்டுப் படித்தாள். பிறகு பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இது என்னுதாடி?"

"ஆமாம்மா. ஒரு பாதி எடுத்து வெச்சேன்."

"யாரக் கேட்டு எடுத்த?"

"உன்னுதுதானேம்மா."

"குடுத்தப்புறம் அது எப்பிடி என்னுது ஆவும்?" அம்மா கத்தவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. "அவருக்குப் போவ வேண்டியத நீ எடுத்துகினு வந்துட்ட. அப்போ நான் போட்டது அரை மொட்டையா? பாதி குடுத்துட்டு முழுசா குடுத்தேன்னு கும்புட்டுகினு வந்தேனா?"

அக்கா பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். இரண்டு கையும் வயிற்றின்மேல் இருந்தது.

"கழட்டிக் குடு, இப்பவே. நான் மேல போயி சேத்துட்டு வரேன்" என்றாள் அம்மா.

நான் அந்த அம்மையாரைப் பார்த்தேன். அவர் தலையை மிக லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. "ஞாயித்துக்கெழம முடிஞ்சிடும்மா. ரெண்டு நாளுதான்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அம்மா அக்காவைக் கைபிடித்து எழுப்பி, ஆட்டோ வைத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை மண்டபத்தைத் திறக்கப் போனால் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். என்னம்மா என்றேன். "அவரு சொத்த தனியா உட்டுட்டு நான் ஊட்ல எப்பிடி இருக்கறது?" என்று சொல்லி உள்ளே வந்து, நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. காலையில் எதுவும் சாப்பிடவும் இல்லை. தலை குளித்து, பழைய பருத்திப் புடவை கட்டி, நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு மணிக்குச் சென்னை ரயிலில் ஒரு கூட்டம் வந்தது. கண்ணாடிக்குள் நீள முடி, பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒரு அம்மா. ஆளாளுக்குச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ஒருத்தி அழுதாள். தாடி வைத்த ஒருவர் என்னிடம் வந்து, "இவங்க மூணு நாளும் இப்படியே உட்காருவாங்களா? பிரமாதம்ங்க. இந்த மௌனம் இருக்கே, அதுதான் ஆர்ட்" என்றார்.

அம்மா காட்சிப் பொருள் இல்லை, காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். அவள் உட்கார்ந்ததும் வேலை நன்றாக வந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். பத்து வருடமாக நான் செய்ததில் எதற்கும் அவ்வளவு பேர் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

மத்தியானம் அம்மையார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அம்மாவையும் லேபிள்ல சேர்த்துடலாமா? பார்க்கிறவங்களுக்குத் தெளிவா இருக்கும்" என்றார்.

"ஆங், சேத்துடுங்க" என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் புது அட்டை அடித்து வந்து ஒட்டினார்கள். அம்மா அப்போது முகம் கழுவப் போயிருந்தாள். திரும்பி வந்தவள், அட்டை புதுசாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தாள். "கொடுத்தது. அம்மாவின் தலைமுடி, கண்ணாடி, தேக்கு மரம், அம்மா."

கடைசி வார்த்தையில் விரல் நின்றது. அதை இரண்டாம் முறை படித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நானும் இங்க வெச்சதாடி?" என்று கேட்டாள்.

சண்டை போடும் குரலில் அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.  அவமானத்தில் உடம்பு சுடும் என்பார்களே, எனக்குக் காது இரண்டும் சுட்டது.

மண்டபத்து எலக்ட்ரீசியனிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கினேன். அம்மையார் ஓடிவந்து கையைப் பிடித்தார். ஒருவர் இதை வாங்க ஒத்துக்கொண்டிருக்கிறார், நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்கொள், கேலரியின் பேர் என்ன ஆவது என்றார். அவர் சொன்னது எதுவும் தப்பில்லை, எல்லாம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான். கையை உதறிவிட்டு நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். தாடிக்காரர் அதையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "ஐயா, இது நெசமா நடக்குது, போனைக் கீழ எறக்குங்க" என்று கத்தினேன். அவர் இறக்கவில்லை. அவருக்கு அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகத்தான் தெரிந்திருக்கும்.

முடிச்சை எடுத்து நீட்டினேன். அம்மா கையால் வாங்கவில்லை, முந்தானையை விரித்து ஏந்தினாள்.

மலைக்கு மேலேயே பஸ் போகிறது. அம்மா கேட்கவில்லை. அந்த வெயிலில், வெறும் வயிற்றோடு, படி வழியாகத்தான் ஏறினாள். இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றாள், தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். மேல் படிக்கு வந்ததும், "நீ இங்கியே இரு" என்றாள். நான் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள். மடி காலியாக இருந்தது. காகிதத்தில் மடித்திருந்த விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினாள்.

"இன்னாம்மா சொன்ன அவருகிட்ட?"

"சொல்ல வேண்டியத சொன்னேன். நட, அவ ஊட்ல தனியா இருக்கா."

அதற்கப்புறம் அந்த கேலரி என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எந்த முகத்தோடு போவேன்? மீதி இருந்த இரண்டு மாதமும் அக்காவின் ஒவ்வொரு வலிக்கும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, கல்லூரிக் காலத்திலேயே விட்டுவிட்டேன். ஆனாலும் ஏதாவது நடந்தால் வீடு யாரைப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். நல்ல வேளையாகத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெண் குழந்தை, சுகப்பிரசவம்.

குழந்தைக்குப் பேர் வைத்த அன்று அக்கா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "அம்மா மேல போயி இன்னா சொல்லிச்சுன்னு உனக்குத் தெரியுமா? ராத்திரி தூக்கத்துல ஒளறும்போது நைனா காதுல வுழுந்துச்சாம். முடிய எடுத்துகினு போனது நான்தான், ஆசப்பட்டு எடுத்துட்டேன், எம்பொண்ணுங்களுக்கு ஒண்ணும் தெரியாது, தண்டன எதுன்னாலும் எனக்குக் குடுன்னு சொல்லிட்டு வந்திருக்குது." சொல்லிவிட்டு அக்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். என்னிடம் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குழந்தைக்கு இப்போது இரண்டு வயது ஆகிறது. போன மாதம் நைனா போன் செய்தார். அம்மாவுக்கு இரண்டு வாரமாகத் தலை சுற்றுகிறது, நேற்று மாட்டுக் கொட்டகையில் விழுந்துவிட்டாள். "ஆசுபத்திரிக்கு வான்னா வரமாட்டேன்னுது. இது டாக்டரு பாக்கற நோவு இல்லன்னு சொல்லிகினு படுத்துகினு கெடக்குது. நீ வந்து சொல்லு" என்றார்.

முதல் ரயிலுக்கே வந்துவிட்டேன். அம்மா கட்டிலில் படுத்திருந்தாள், முகம் வெளுத்துப்போயிருந்தது. முடி தோள் வரை வளர்ந்திருந்தது, முழுக்க வெள்ளை. ரத்தக்கொதிப்பாக இருக்கும்மா, ஒரு மாத்திரையில் சரியாகிவிடும் என்றேன். சிரித்தாள். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடைசியில் கோபம் வந்து, "சரி, நானே மேல போறேன். எடுத்தது நான்தான்னு சொல்லிட்டு வரேன். எனக்கு வரட்டும், எது வருதோ" என்று எழுந்தேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விழுந்து கிடந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, வலித்தது.

"வாய மூடிகினு உக்காரு" என்றாள். "அவரு நான் சொன்னத நம்பிட்டாரு. நீ போயி கெடுத்துடாத."